துவக்கு பார்க்கப் போனவன்

சிட்னி விமான நிலையத்தில் என் பெட்டியிலிருந்து முதலில் வெளியே வந்தது அம்மா கட்டிக் கொடுத்த மோர்மிளகாய். அடுத்து வந்தது செங்கல் அளவுக்கு ஒரு புளியமரக் கட்டை. சோதனை அதிகாரி மோர்மிளகாயை முகர்ந்துகூடப் பார்க்காமல் திருப்பி வைத்துவிட்டார். கட்டையைத்தான் விளக்குக்கு நேரே பிடித்து நாலு பக்கமும் புரட்டினார். பட்டை ஒட்டியிருக்கிறதா, பூச்சி துளைத்த ஓட்டை இருக்கிறதா என்று விரல் நகத்தால் தடவினார்.

“இது எதற்கு?”

“துப்பாக்கிக்கு” என்றேன்.

சொல்லி முடித்த பிறகுதான் எந்த இடத்தில் நின்றுகொண்டு சொல்கிறேன் என்பது உறைத்தது. பக்கத்து மேசையில் இருந்த அதிகாரியும் நிமிர்ந்து பார்த்தார். “கைப்பிடி! வெறும் கைப்பிடிக்கு! மெல்பர்னில் ஒருவர் செய்கிறார், லைசென்ஸ் உள்ளவர், அவருக்குப் பரிசு!” என்று கைகால் எல்லாம் ஆட்டி விளக்கினேன். அவர் சிரிக்கவே இல்லை. கட்டையைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, “அடுத்த தடவை முதலில் கைப்பிடி என்று ஆரம்பியுங்கள்” என்றார்.

வாய்தான் எனக்கு எப்போதும் முன்னால் போகும். மூளை அடுத்த பஸ்ஸில் வரும்.

கோயம்புத்தூரில் பீளமேடு பக்கம், எந்திர பாகங்களை அளக்கும் கருவிகள் செய்யும் கம்பெனியில் எனக்கு வேலை. படிப்பு மெக்கானிக்கல். கம்ப்யூட்டரில் வரைவதைவிட அரம் பிடித்து ராவுவதில்தான் ருசி. அப்படித்தான் வீடியோக்களில் அந்த மனிதரைக் கண்டுபிடித்தேன். கிரேம் என்று பெயர். மெல்பர்னுக்கு வெளியே தனியாக ஒரு பட்டறை. குறிபார்த்துச் சுடும் போட்டிக்காரர்களுக்கு, ஒவ்வொருவர் கைக்கும் அளவெடுத்து, ஒவ்வொன்றாகக் கைத்துப்பாக்கி செய்கிறார். நான் நிஜத் துப்பாக்கியை அருகில் பார்த்தது பேங்க் வாசலில், தூங்கி வழியும் வாட்ச்மேன் மடியில் மட்டும். ஆனால் கிரேம் எந்த அரத்தை எந்தக் கோணத்தில் பிடிப்பார் என்பது எனக்கு மனப்பாடம். ஆபீசில் புது மெஷின் பயிற்சிக்கு சிட்னி அனுப்புகிறார்கள் என்றதும் முதல் மெயில் அவருக்குத்தான் போட்டேன். “வந்தால் எட்டிப் பாருங்கள்” என்று ஒரு வரியில் பதில் வந்தது.

சிட்னியில் ஹரிஸ் பார்க்கில் காலேஜ் நண்பன் கார்த்தியின் அறையில் தங்கினேன். தெருவுக்குள் நுழைந்தாலே ஜிலேபி வாசம். தோசைக்கு வரிசை நிற்கிறது, பானிபூரிக்கு அதைவிடப் பெரிய வரிசை. காந்திபுரத்திலாவது அடுத்தவன் தோளில் இடித்துக்கொண்டு வாங்கலாம். இங்கே இடிக்காமல் நிற்க வேண்டும், அதுதான் வித்தியாசம்.

“ஏண்டா, ஆஸ்திரேலியா வந்தவன் எவனாவது பீச் பாப்பான், கங்காரு பாப்பான்” என்றான் கார்த்தி. “நீ எவனோ கெழவன் அரம் ராவுறத பாக்க ஏரோப்ளேன் ஏறுற.”

“அது அரம் இல்லடா, அது...”

“தெரியும்டா, கலை. நைட்டு முழுக்க சொன்ன. சாஸ் எடு.”

பயிற்சி பரமட்டாவில். ஹரிஸ் பார்க்கிலிருந்து நடந்தே போகிற தூரம். மழை என்று ரயிலேறினேன். ஒரே ஒரு ஸ்டேஷன். செல்லில் கிரேமின் வீடியோ ஓடிக்கொண்டிருந்தது. நிமிர்ந்து பார்த்தபோது பரமட்டாவைத் தாண்டி வெஸ்ட்மீட். பயிற்சிக்குத் தாமதமாகப் போய், “ரயில் தவறிவிட்டது” என்றேன். ஏறிய பிறகு தவறவிட்டேன் என்பதைச் சொல்லவில்லை.

வாரக் கடைசிக்கு மெல்பர்ன். தங்குவதற்குக் கார்த்தியே ஏற்பாடு செய்தான். அவனோடு வேலை செய்யும் யாழ்ப்பாணத்துப் பெண்ணின் சித்தப்பா வீடு, ஸ்பிரிங்வேல் பக்கம். ஸ்டேஷனுக்கு அந்தச் சித்தப்பா சிவா அங்கிளும் அவர் மகள் அபியும் வந்திருந்தார்கள். அங்கிள் ஒரு கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறார். ஒல்லியான, அதிகம் பேசாத மனிதர். அபி பதினொன்றாம் வகுப்பு. அப்பா தமிழில் கேட்டால் ஆங்கிலத்தில் பதில் சொல்கிற பிள்ளை.

கார் கிளம்பியதும் அங்கிள் கேட்டார். “தம்பி துவக்கு பாக்க வந்தனீங்களாம். கார்த்தி சொன்னவர்.”

“எதைத் துவக்கணுங்க அங்கிள்?”

பின் சீட்டில் அபி வெடித்துச் சிரித்தாள். “கன், அண்ணா. துவக்கு எண்டால் கன்.”

எங்கள் ஊரில் விழாவைத் துவக்குவோம். இவர்கள் ஊரில் துவக்கு சுடும். அங்கிளும் சிரித்தார், நானும் சிரித்தேன். ஒரு சொல் கற்றுக்கொண்டாயிற்று, இலங்கைத் தமிழில் இனி எனக்கு இடறல் இல்லை என்று நினைத்துக்கொண்டேன்.

வீட்டில் அங்கிளின் மனைவி மலர் அன்ரி குசினியில் இடியப்பம் பிழிந்துகொண்டிருந்தார். முதியோர் இல்லத்தில் வேலை முடித்து அப்போதுதான் வந்தவர், சீருடைகூட மாற்றவில்லை. “இருங்கோ தம்பி, கதிரையில இருங்கோ, களைச்சுப் போய் வந்திருப்பியள்” என்றார். அபி என்னைப் பின்பக்கத் தோட்டத்துக்கு இழுத்துக்கொண்டு போனாள். அவள் ஆங்கிலத்தில் கடகடவென்று சொன்னதன் சாரம் இது: பள்ளித் தோழியோடு போய் ஒரு கிளப்பில் காற்றுத் துப்பாக்கி சுட்டுப் பார்த்திருக்கிறாள். நன்றாக வருகிறதாம். பயிற்சியாளர் இவளை விட மனமில்லை என்கிறாராம். தொடர்ந்து போக வேண்டும் என்றால் அப்பா சம்மதம் வேண்டும். அப்பா மாதக்கணக்கில் ஒரே பதில்தான் சொல்கிறார்: “பாப்பம்.”

“பாப்பம் என்றால் ஆமாவா, இல்லையா?” என்று கேட்டேன்.

“பாப்பம் என்றால் பாப்பம். அதுதான் பிரச்சினை. நீங்கள் பேசுங்கள். இந்தியாவிலிருந்து வந்த இன்ஜினியர், நீங்கள் சொன்னால் கேட்பார். ஆனால் மெதுவாக, சரியா? நான் சொல்லும்போது.”

என்னிடம் போய்த் துப்பாக்கி பற்றிப் பேசச் சொன்னால்! கரும்பு தின்னக் கூலி கிடைத்த மாதிரி தலையாட்டினேன்.

சாப்பாட்டில் இடியப்பம், சொதி, மீன் குழம்பு, தேங்காய்ச் சம்பல். எங்கள் பக்கம் இடியப்பத்தைச் சந்தகை என்போம், அதற்குத் தேங்காய்ப்பால் ஊற்றினால் இனிப்பு; இங்கே அதே பாலில் பச்சை மிளகாயும், தேசிக்காய் என்று இவர்கள் சொல்கிற எலுமிச்சையின் புளிப்பும். நான் மூன்றாவது தட்டு போட்டுக்கொண்டே கிரேமின் கைப்பிடிகளைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தேன். ஒருத்தர் கையைப் போல இன்னொருத்தர் கை இருக்காது, அதனால் ஒருத்தருக்குச் செய்த பிடி இன்னொருத்தருக்கு ஆகாது, செருப்புகூட மாற்றிப் போடலாம், இதை முடியாது, இப்படி. அப்போதுதான் அங்கிளின் வலது கையைக் கவனித்தேன். மோதிர விரலும் சுண்டு விரலும் பாதி மடங்கியே இருந்தன. இடியப்பத்தை மற்ற மூன்று விரலால் பிசைந்தார். உள்ளங்கையில் சுருங்கிய வடு.

“அங்கிள், கைக்கு என்னாச்சுங்க?”

அன்ரிதான் பதில் சொன்னார். “அது வெடி பட்டது தம்பி.”

“அடடா!” என்றேன். “எங்க தெருவுல ஒருத்தன் இப்படித்தாங்க, லட்சுமி வெடிய கையில புடிச்சே பத்த வெச்சான். தூக்கிப் போடறதுக்குள்ள டமார்! தீபாவளிக்குங்களா அங்கிள்?”

அன்ரி சொதிச் சட்டியைப் பார்த்தார். அங்கிள் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, மெல்லச் சிரித்தார்.

“ஓம் தம்பி. பெரிய தீபாவளி.”

நானும் சிரித்தேன். நன்றாக, வாய்விட்டுச் சிரித்தேன். மேசைக்கு அடியில் அபி என் காலில் உதைத்தாள்.

ஆகா, சிக்னல் கொடுத்துவிட்டாள் என்று புரிந்துகொண்டேன். உடனே ஆரம்பித்தேன். அது ஒரு விளையாட்டு அங்கிள், மூச்சை அடக்குகிற பயிற்சி, தியானம் மாதிரி, படிக்கிற பிள்ளைக்கு நல்லது, இதிலே பயப்பட ஒன்றுமே இல்லை, எல்லாம் மனசில்தான். அபி இரண்டாவது முறை உதைத்தாள். நான் இன்னும் உற்சாகமாகப் பேசினேன்.

எல்லாவற்றையும் கேட்டு முடித்து அங்கிள் கை கழுவ எழுந்தார். “பாப்பம்” என்றார். பிறகு குழாயடியில் நின்றபடியே, “நாளைக்கு ரயில் ஓடாது தம்பி, பாதை வேலையாம், பஸ் விட்டிருக்கிறாங்கள். அது ஊரெல்லாம் சுத்தும். நான் கொண்டுபோய் விடுறன். அபியும் வரட்டும். நானும் ஒருக்காப் பாத்திட்டு முடிவு சொல்லுறன்” என்றார்.

அபியின் முகம் விளக்குப் போட்ட மாதிரி ஆயிற்று. என் சாதனை என்றுதான் நான் நினைத்தேன்.

மறுநாள் காலை வீடுகள் குறைந்து, மாடுகள் கூடிக்கொண்டே போன சாலையில் ஒரு மணி நேரம். வழியில் பஸ் ஒன்று ரயில் பயணிகளைத் திணித்துக்கொண்டு சிக்னலில் நின்றது. உள்ளே ஒருவர் சைக்கிளைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்திருந்தார். “பாத்தியளா, அதுக்குள்ள நிண்டிருப்பியள்” என்றார் அங்கிள்.

கிரேமின் பட்டறை ஒரு தகரக் கொட்டகை. கதவு மட்டும் பேங்க் லாக்கர் கதவு. எழுபது வயதிருக்கும். பெரிய வயிறு, மூக்கின் நுனியில் கண்ணாடி. முதலில் சட்டத்தைச் சொன்னார். “நிஜமானவை என் கையில் மட்டும். உங்களுக்குக் கண் மட்டும்.” புளியங்கட்டையைக் கொடுத்தேன். தட்டிப் பார்த்தார், எச்சில் தொட்டுத் தேய்த்தார், கருநீலமாகக் கோடு எழுந்ததும் “ஓ, அழகி” என்று கட்டையிடம் சொன்னார்.

பிறகு பெட்டியைத் திறந்து ஒன்றை எடுத்தார். எப்படிச் சொல்வது? அதன் மேல்பாகம் கீழ்ப்பாகத்தின் மேல் முன்னும் பின்னும் வழுக்கும். ஃபேக்டரியிலிருந்து வருகிற துப்பாக்கிகளில் அந்த இடைவெளியில் ஒரு ஆட்டம் இருக்கும் என்பார்கள். கிரேம் இரண்டிலும் நீல மசி பூசி, எங்கே ஒட்டுகிறதோ அங்கே மட்டும் ராவி, மறுபடி பூசி, மறுபடி ராவி, வாரக்கணக்கில் சேர்க்கிறார். அவர் இழுத்துவிட்டபோது, நல்ல எவர்சில்வர் சம்படத்தின் மூடி காற்றை வெளியே விட்டுக்கொண்டு தானாக இறங்குமே, அப்படி இறங்கியது. சத்தமே இல்லை. விசையை அழுத்திக் காட்டினார். சந்தையில் வெண்டைக்காய் நுனியை ஒடித்துப் பார்ப்போமே, பிஞ்சாக இருந்தால் ஒரு ‘டக்’, அதே டக். பிடியின் மரத்தில் நூலளவு கட்டங்கள், ஒன்றுகூட ஓரத்தில் வெட்டுப்படாமல் வளைவோடு வளைந்து திரும்பியிருந்தன. எனக்கு மூச்சு வாங்கியது. கண்ணில் தண்ணீர் வந்தது என்றுகூடச் சொல்வேன்.

அபி கிளப்பில் சுடுகிறவள் என்று நான் சொன்னதும் கிரேம் அவள் கையைப் பார்த்தார். “கிளப் துப்பாக்கி உனக்குப் பெரிதாக இருக்குமே?” என்றார். அவள் தலையாட்டினாள். ஒரு தாளில் அவள் கையை வைத்து வரைந்தார். பெருவிரலின் அடிச் சதையை அழுத்தி, “இங்கே கொஞ்சம் மரம் கூட்டினால் போதும்” என்றார். அங்கிள் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். முகம் இளகியிருந்தது. “என்ன மரம் இது?” என்று அவராகவே கேட்டார். வால்நட் என்று கிரேம் சொன்னதும், “எங்கட ஊர் முதிரை மாதிரி” என்று என்னிடம் தமிழில் சொன்னார். பிறகு ஜன்னல் பக்கம் நகர்ந்து அங்கே காய வைத்திருந்த பலகைகளைத் தொட்டுப் பார்த்தார்.

இந்த இடத்தில் கிரேம் எனக்கு ஒரு சலுகை காட்டினார். பிடி பொருத்திப் பார்ப்பதற்காக அவர் வைத்திருக்கும் ஒரு அலுமினியக் கட்டி. துப்பாக்கியின் வடிவம் மட்டும்தான். உள்ளே துளைகூடக் கிடையாது. அதில் புதிதாக முடித்த பிடி ஒன்றை மாட்டி, “இதை நீ பிடிக்கலாம்” என்று என் கையில் வைத்தார்.

யாரோ ஒருத்தருக்குச் செய்த பிடி. ஆனாலும் என் உள்ளங்கை அதற்குள் போய் உட்கார்ந்தது. கை கொடுத்தவன் கையை விட மாட்டேன் என்று பிடித்துக்கொண்ட மாதிரி இருந்தது.

“அங்கிள், இங்க பாருங்க!” என்று கூவிக்கொண்டு அப்படியே திரும்பினேன். கையும் என்னோடு திரும்பியது.

ஜன்னலில் இருந்து அங்கிள் திரும்பிப் பார்த்தார். அவருடைய இரண்டு கைகளும் மேலே போயின.

அவர் தூக்கவில்லை; அவை போயின. தோளுக்கு மேலே, காதுக்கு நேராக, உள்ளங்கை எங்களைப் பார்த்தபடி. இடது கையில் ஐந்து விரலும் விரிந்திருந்தன. வலது கையில் மூன்று. கண் என்னைப் பார்க்கவில்லை. என் கையிலிருந்ததை மட்டும் பார்த்தது.

அபிதான் பாய்ந்தாள். என் மணிக்கட்டைப் பிடித்துத் தரையை நோக்கி அழுத்தி, “கீழே! கீழே!” என்று ஆங்கிலத்தில் கத்தினாள். கிரேம் என் விரல்களைப் பிரித்துக் கட்டியை வாங்கிக்கொண்டார். பிறகு சொன்னார். “உள்ளே ஓட்டை இல்லாவிட்டாலும் ஆளை நோக்கித் திருப்பக் கூடாது. இது தெரியாதவனுக்கு மற்றது எதுவும் தெரிந்து பயனில்லை.”

அங்கிளின் கைகள் இன்னும் இறங்கவில்லை. “அப்பா” என்றாள் அபி. அப்புறம்தான் அவர் தம் கைகளை நிமிர்ந்து பார்த்தார். மெதுவாக இறக்கி, சட்டையில் துடைத்துக்கொண்டு, சிரித்தார்.

“பழக்கம்” என்றார். “பழக்கம் தம்பி. ஒண்டும் யோசிக்காதேங்கோ.”

திரும்பும் வழியில் ஒரு சின்ன ஊரில் அங்கிள் பேக்கரி வாசலில் நிறுத்தி, “பிள்ளையளுக்குப் பசிக்கும், ஏதும் வாங்குங்கோ” என்றார். தான் இறங்கவில்லை. வரிசையில் எனக்கு முன்னால் அபி நின்றாள். முன்னால் பார்த்தபடியே, முதல் தடவையாக என்னிடம் முழுசாகத் தமிழில் பேசினாள்.

“வெடி எண்டால் பட்டாசு இல்லை, அண்ணா. வெடி எண்டால் துவக்குச் சூடு.”

வரிசை ஓர் ஆள் நகர்ந்தது. நாங்களும் நகர்ந்தோம்.

“அப்பாவுக்கு அப்ப இருபது வயசு. ஊரில சண்டை நேரம், றோட்டில மறிச்சுக் கையைத் தூக்கச் சொன்னவங்கள். தூக்கினவர். தூக்கின கையிலதான் வெடி பட்டது.”

லட்சுமி வெடி. டமார். தீபாவளிக்குங்களா அங்கிள். என் குரலே எனக்குக் கேட்டது. வாய்விட்டுச் சிரித்த சிரிப்பும் கேட்டது. அந்த மனிதரிடம்தான் பயப்பட ஒன்றுமே இல்லை, எல்லாம் மனசில்தான் என்று இடியப்பத்தை மென்றுகொண்டே வகுப்பு எடுத்திருக்கிறேன்.

“உதைச்சனே” என்றாள் அபி.

“நான் வேற நெனச்சுட்டேன்.”

“தெரியும்” என்றாள். அவள் முறை வந்தது. இறைச்சி அடைத்துச் சுட்ட ‘பை’ பலகாரம் மூன்று வாங்கினாள். அங்கிள் காரில் தம் பங்கைப் பாதி தின்றுவிட்டு, “நல்லா இருக்கு” என்று பொதுவாகச் சொன்னார். நான் வேண்டாம் என்று வைத்தால் அதையும் அவர் விசாரிப்பாரே என்று விழுங்கினேன்.

சாயங்காலம் அன்ரி ஒன்றும் நடக்காதது மாதிரி புட்டு அவித்தார். எனக்கு விஷயம் தெரிந்துவிட்டது அவருக்கும் தெரிந்திருந்தது. அதனால் என் தட்டில் இன்னும் அதிகமாக வைத்தார். மன்னிப்பு கேட்க இரண்டு முறை வாயெடுத்தேன். இரண்டு முறையும் அங்கிள் கோயம்புத்தூரில் மழை எப்படி என்று கேட்டார். என் வாயை அடைக்கத் தெரிந்த முதல் மனிதர் அவர்தான்.

படுக்கையில் செல்லைத் திறந்தேன். கிரேம் அனுமதித்து எடுத்த படங்கள் இருந்தன. அழிக்கத்தான் திறந்தேன். ஆனால் அந்தக் கட்டங்கள், அந்த வளைவு, இரும்போடு மரம் சேர்கிற அந்தக் கோடு... பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தேன். அது அசிங்கமாகத் தெரிந்திருந்தால் எனக்கு எவ்வளவோ சுலபமாக இருந்திருக்கும். தெரியவில்லை. காலையில் பார்த்த அதே அழகுதான். அந்த அழகை அதன் முன்பக்கம் நின்று பார்க்கிற ஆள் ஒருத்தர் உண்டு என்பது இத்தனை வருஷத்தில் ஒரு தடவைகூட எனக்குத் தோன்றவில்லை. ஒவ்வொரு படத்திலும் நான் பின்பக்கம், பிடிக்கிற பக்கம்தான் நின்றிருக்கிறேன்.

மறுநாள் விமான நிலையத்துக்கு அங்கிளே கொண்டுவந்து விட்டார். அபி வரவில்லை. அறைக் கதவு சாத்தியிருந்தது. வெளியே நின்று “போய்ட்டு வர்றேன் அபி” என்றதற்கு, உள்ளிருந்து “பை, அண்ணா” என்று மட்டும் குரல் வந்தது.

பெட்டியை இறக்கி வைத்துவிட்டு அங்கிள் கொஞ்சம் தயங்கினார்.

“தம்பி, நேற்று அந்த மனிசன் இவளின்ட கையை வரையேக்க, நான் மனசுக்குள்ள ஓம் எண்டு முடிவெடுத்திட்டன். வீட்டை வந்து சொல்லுவம் எண்டு இருந்தனான்.”

நான் அவர் முகத்தைப் பார்க்கவில்லை.

“இரவு அவளிட்டச் சொன்னன், போ பிள்ளை எண்டு. வேண்டாமாம். இனிக் கேக்க மாட்டாளாம். கிளப்புக்கும் அறிவிச்சிட்டாளாம்.” பெட்டியின் கைப்பிடியை இழுத்து நீட்டி என் பக்கம் திருப்பி வைத்தார். “நான் எத்தினையோ சொல்லிப் பாத்தன். அப்பாவின்ட கை மேல போனதைப் பாத்திட்டன் எண்டுறாள். அதுக்கு மேல நான் என்னத்தைச் சொல்லுறது?”

“என்னாலதாங்க அங்கிள்” என்றேன்.

அவர் இல்லை என்று சொல்லவில்லை. ஆம் என்றும் சொல்லவில்லை. என் தோளைத் தட்டினார், வலது கையால்.

வர்றேன் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. எந்த முகத்தோடு மறுபடி அந்த வீட்டு வாசலில் போய் நிற்பது? “போறேன் அங்கிள்” என்றேன்.

அவர் காரை நோக்கி நடந்தவர் நின்றார். திரும்பி வந்தார்.

“அப்பிடிச் சொல்லப்படாது தம்பி” என்றார். “போட்டு வாறன் எண்டு சொல்லுங்கோ.”

பின்னால் நின்ற டாக்சிக்காரர் ஹாரன் அடித்தார். அங்கிள் அசையவில்லை. நான் சொல்லும்வரை அங்கேயே நின்றார்.